கிளென்மார்கன் கோப்பும் குறுக்குவிசைகளின் கதையும்

உதகமண்டலத்திலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கிளென்மார்கன். தேயிலைத் தோட்டமும் ஒரு சிறு நீர்த்தேக்கமும் சுற்றிலும் புல்வெளியுமான அந்த இடத்தில் மலை திடீரென்று முடிந்துவிடுகிறது. மூவாயிரம் அடிக்கும் அதிகமான பள்ளத்தில், கீழே, சிங்காரா மின்நிலையம். பைகாராவின் நீர் கிளென்மார்கன் தேக்கத்திற்கு வந்து, அங்கிருந்து பெருங்குழாய்கள் வழியே அந்தப் பள்ளத்தில் பாய்கிறது. 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைகாராத் திட்டம், கோவையில் நூற்பாலைகள் பெருகியதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. மின்நிலைய ஊழியர்கள் ஏறி இறங்குவதற்காக, மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, கம்பிவடத்தில் கட்டிய பெட்டி ஒன்றை இழுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். உள்ளூரில் அதற்குப் பெயர் 'விஞ்ச்'. சாலை வழியே போவதானால் உதகைக்குத் திரும்பி, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி இறங்கி, மசினகுடி வழியாகப் போய்ச் சேரவேண்டும். விஞ்ச் என்றால் நேரே இறங்கிவிடலாம்.

குறுக்குவழிகளைப் பற்றி எழுத உட்காரும்போது நமக்கு இந்த விஞ்ச்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் எழுதப்போவது மலையிறங்கும் குறுக்குவழியைப் பற்றியன்று. கணிப்பொறியின் விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நடக்கும் குறுக்குவழிகளைப் பற்றி. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நமக்கும் அந்த எண்ணம் இருந்தது, கிளென்மார்கனில் ஒரு நண்பரின் வீட்டில் மூன்று நாள் தங்கும் வரை.

நண்பரின் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் உதகையில் தட்டச்சு நிலையம் ஒன்றில் சேர்ந்து, லோயர், ஹையர் இரண்டும் தமிழில் தேறியவர். ஓய்வுக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டையொட்டி, பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தம் நினைவுகளைத் தட்டச்சு செய்திருக்கிறார். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கோப்புகள் நெகிழ்வட்டிலிருந்து குறுவட்டுக்கும், குறுவட்டிலிருந்து மகனின் மடிக்கணினிக்கும் வந்து சேர்ந்தன. மகன் திறந்து பார்த்தால் ஒரு தமிழெழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகப் பக்கம் பக்கமாகக் குப்பை. வைரஸ் தின்றுவிட்டது என்று முடிவு கட்டி, அழித்துவிடுவதா என்று நம்மிடம் கேட்டார். இடம் அடைத்துக்கொண்டிருக்கிறதாம்!

அழிக்கவில்லை. அந்தக் குப்பைக்கு நடுவே ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இது நமக்குத் தெரிந்த முகம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த சொல், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் இப்படித்தான் தோன்றும். ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகரக் கொம்பு, ஓ என்பது ழ, அரைப்புள்ளி என்பது மேற்புள்ளி. கோப்புக்கு நோய் ஒன்றும் இல்லை. படிக்கும் கண்ணாடிதான் தொலைந்துபோயிருந்தது.

ஜே என்ற விசையில் 'த' எப்படி வந்து உட்கார்ந்தது என்பதற்குத் தட்டச்சுப்பொறிக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் வகுத்த விசை வரிசையோடு ரெமிங்டன் நிறுவனம் 1874இல் தட்டச்சுப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1878இல் வந்த அதன் இரண்டாம் பொறியில்தான் 'ஷிப்ட்' விசை இடம்பெற்றது. ஷிப்ட் என்ற சொல்லுக்கு அங்கே அட்சரசுத்தமான பொருள் உண்டு: அழுத்தினால் பொறியின் ஓர் உறுப்பு இடம்பெயரும், ஒரே விசை இரண்டு எழுத்துகளைத் தரும். ஒரு விசையைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் தட்டும் பழக்கத்தை மனித விரல்கள் கற்றது அப்போதுதான். இன்றைய குறுக்குவிசைகள் எல்லாவற்றுக்கும் பாட்டி அந்த ஷிப்ட்.

இந்தப் பொறிக்குள் தமிழை அடக்கும் வேலையைச் செய்து பெயர் பெற்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிற்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா. அவர் முன்னால் இருந்த கணக்கு எளிதானதன்று. தமிழுக்கு 247 எழுத்துகள். பொறியில் இரண்டு நிலைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 90 இடங்கள். எழுத்துகளை உறுப்புகளாகப் பிரிப்பது ஒன்றே வழி. ககரம் தனி, கால் தனி, கொம்பு தனி. ஆனால் மேற்புள்ளி எழுத்தின் தலைமேல் அல்லவா உட்காரவேண்டும்? ஒவ்வொரு விசைக்கும் தாள் ஓர் இடம் நகர்ந்துவிட்டால் புள்ளி பக்கத்தில் போய் விழும். அதற்குத்தான் 'நகரா விசைகள்'. புள்ளி விசையை முதலில் தட்டினால் அது தாளில் பதியும், தாள் நகராது. பிறகு ககரத்தைத் தட்டினால் புள்ளிக்குக் கீழே வந்து அமரும். எழுதும்போது க போட்டுப் புள்ளி வைக்கிற கை, தட்டச்சில் புள்ளி வைத்துவிட்டுக் க போடும். தமிழ்த் தட்டச்சு பயின்றவர்களின் விரல்களில் இந்தத் தலைகீழ் வரிசை ஆயுள் முழுதும் தங்கிவிட்டது. 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கைவிட்டபோது பொறிக்கும் சற்று மூச்சு விட இடம் கிடைத்தது.

கணிப்பொறி வந்ததும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இருந்தவர்கள் தங்கள் தட்டச்சுப் பழக்கத்தையே கேட்டார்கள். எழுத்துரு செய்தவர்கள் சுலபமான வழியைக் கண்டார்கள். ஆங்கில ஜே இருக்கும் இடத்தில் த என்ற படத்தை வரைந்து வைத்துவிட்டால் போதும். கணிப்பொறி அதை ஜே என்றே நம்பிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் த தெரியும். ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடத்திலும் மிகப் பரவலாக இருந்த பாமினி இந்த வகை. இதுவும் ஒரு குறுக்குவழிதான். விஞ்சைப் போலன்றி, திரும்பி ஏற முடியாத குறுக்குவழி. எழுத்துரு தொலைந்தால் உரையும் தொலைந்ததாகவே தோன்றும். ஆளாளுக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவிற்கு ஓர் ஒழுங்கு என்றிருந்த அந்தக் காலத்தில் எத்தனை கையெழுத்துப்படிகள், சிற்றிதழ்க் கோப்புகள், நூல்களின் மெய்ப்புகள் இப்படி வீட்டுக்கு வீடு குப்பையென்று அழிக்கப்பட்டனவோ!

இதைச் சீர்செய்ய முயன்றவர்கள் இருந்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில், சிறுகதையாசிரியராகவும் அறியப்பட்ட நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றுவதற்குப் பாடுபட்டார். 1997இல் அங்கே தமிழ்நெட் மாநாடு நடந்தது. கணிப்பொறித் தமிழின் முன்னோடிகளுள் ஒருவர் கதையாசிரியர் என்பதை இலக்கிய அன்பர்கள் கொஞ்சம் பெருமையோடே நினைத்துக்கொள்ளலாம். ஸ்விட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்துத் திஸ்கி என்ற குறியீட்டை வகுத்தார்கள். திஸ்கியில் அடித்த கோப்பையும் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அதில் 'தமிழ்' என்பது முக்கால் என்ற பின்னக் குறி, தலைமேல் கோடிட்ட ஆங்கில ஏ, சென்ட் காசின் குறி, கோடிட்ட யூ என்று காட்சி தரும். இந்த இரண்டு முகங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பழைய கோப்பு எந்தக் குடும்பம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஜே கே பி ஓ என்றால் பாமினி. முக்காலும் சென்டும் வந்தால் திஸ்கி.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டின் விளைவாக டாம், டாப் என்ற குறியீடுகளும், தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. குறியீடுகள் நிலைக்கவில்லை. 1991இலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. மெல்ல மெல்ல எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசு ஒருங்குறியையும் அதனோடு டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. விசைப்பலகையின் கதை வேறு. நம் கருத்தில் தமிழுக்கென்று மனிதர் செய்த மிக நேர்த்தியான குறுக்குவழி தமிழ்99தான். அதைப் பயன்படுத்துவோர் சிறுபான்மையினராக இருப்பது நமக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அதன் அமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. நடு வரிசையில் இடப்புறம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்புறம் க, ப, ம, த, ந, ய. அதிகம் புழங்கும் எழுத்துகள் விரல் நகராமலே கிடைக்கும். இலக்கணம் அறிந்த பொறி அது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி வைக்கும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. 'அம்மா'விற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்கள். ஆங்கில எழுத்தொலி முறையில் ஐந்து. 'கட்டுரை'க்கு இங்கே ஆறு, அங்கே எட்டு. 'தங்கம்' ஐந்து, அங்கே ஏழு. ஒரு நாவல் முழுதும் அடிப்பவர்க்கு இந்தச் சில்லறை எவ்வளவு சேரும் என்று கணக்கிட்டுக்கொள்க. 'மமதை' போன்ற சொல்லில் புள்ளி வேண்டாம் என்றால் இரண்டு மகரங்களுக்கு நடுவே ஓர் அகரத்தைத் தட்டவேண்டும். புணர்ச்சி விதிகளைத் தாமாகவே கடைப்பிடிக்கும் விசைப்பலகை வேறெந்த மொழிக்காவது இருக்கிறதா என்று நாம் வியந்ததுண்டு. நிற்க.

கண்ட்ரோல் விசையின் கதை இன்னும் சுவையானது. இன்று அதோடு எஸ் அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும், சி அழுத்தினால் நகலெடுக்கும். பிறப்பில் அதற்கு இந்த வேலைகள் கிடையா. தொலைத்தட்டச்சுப் பொறிகள் கம்பிவழி செய்தி அனுப்பிய காலத்தில், எழுத்தல்லாத கட்டளைகளை அனுப்புவதற்கு ஏற்பட்டது அது. 1963இல் வகுத்த ஆஸ்கி குறியீட்டில் முதல் 32 இடங்கள் இத்தகைய கட்டளைகளுக்கு. கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஆங்கில நெடுங்கணக்கில் எத்தனையாவது எழுத்தைத் தட்டுகிறோமோ அத்தனையாவது கட்டளை போகும். ஜி ஏழாவது, ஏழாம் கட்டளை மணி அடிப்பது. மறுமுனையில் இருக்கும் பொறியில் உண்மையாகவே மணி அடிக்கும். எம் பதின்மூன்றாவது, அது தாளேந்தியை வரியின் தொடக்கத்திற்குத் திருப்பும் கட்டளை, இன்றைய 'என்டர்'. எஸ் பத்தொன்பதாவது, அனுப்புவதை நிறுத்து என்று பொருள். நாம் இன்று 'சேமி' என்று அழுத்தும் அதே விசைக்கு அன்று 'பொறு' என்று பொருளிருந்தது.

தட்டச்சுப் பொறியின் எச்சங்கள் கணிப்பொறியில் இப்படி இன்னும் எத்தனையோ உள்ளன. மின்னஞ்சலில் 'சிசி' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது கார்பன் காப்பி. கார்பன் தாள் வைத்து மூன்று படி எடுத்த எழுத்தர்கள் ஓய்வு பெற்றுப் போனபின்னும் அந்த இரண்டு எழுத்துகள் பணியில் இருக்கின்றன.

வெட்டு, நகல், ஒட்டு என்பவை கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் 1970களின் நடுவில் உருவானவை. லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எழுத்துத் திருத்தியைச் செய்தார்கள். பதிப்பகங்களில் கத்தரிக்கோலால் மெய்ப்பை வெட்டிப் பசை தடவி வேறிடத்தில் ஒட்டுவார்களே, அதைத் திரையில் செய்து காட்டியது அது. அந்தக் காலத்து அச்சக வேலையை அறிந்தவர்களுக்கு இதன் பெருமையைச் சொல்லவேண்டியதில்லை. எக்ஸ், சி, வி விசைகள் இதற்கு ஆப்பிள் நிறுவனத்தில், 1983இல் வந்த லிசா கணிப்பொறியை உருவாக்கும்போது அமைந்தன. செயல்தவிர்க்கும் இசட்டையும் சேர்த்து நான்கும் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. வலக்கை சுட்டியை விடாமல் இடக்கையாலேயே அழுத்தலாம். விண்டோஸும் பின்னர் இவற்றையே எடுத்துக்கொண்டது. டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார்.

டெஸ்லருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரே விசை, பொறி இருக்கும் நிலையைப் பொறுத்து வேறுவேறு வேலை செய்யக்கூடாது என்பார். தம் காரின் எண்பலகையிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டவர். அவர் தமிழில் எழுதியிருந்தால் என்ன பாடு பட்டிருப்பார் என்று நாம் நினைப்பதுண்டு. தமிழில் எழுதுகிறவனின் வாழ்வு முழுதும் நிலை மாற்றத்திலேயே கழிகிறது. தமிழ் நிலையில் இருக்கிறோம் என்றெண்ணித் தமிழ்99இல் 'அம்மா' என்று தட்டி, நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஏ, கே, கே, கியூ என்று நிற்கும். இன்றைய விண்டோஸில் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். விரலுக்கு முதலில் பழக்கவேண்டிய குறுக்குவிசை இதுதான் என்பது நம் கருத்து. பார்வை திரையிலேயே இருக்கட்டும். முதற்சொல்லை அடித்ததும் ஒருகணம் பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது.

கிளென்மார்கனுக்குத் திரும்புவோம். கண்ட்ரோல்-ஏ அழுத்திக் கோப்பு முழுவதையும் தேர்ந்து, கண்ட்ரோல்-சி கொண்டு நகலெடுத்து, சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி, பாமினி என்று தேர்ந்தோம். குப்பை என்று நினைத்தது ஒரு நொடியில் தமிழாயிற்று. நண்பர் சற்று நேரம் பேசவில்லை. முதல் வரியே அவருடைய பாட்டனாரைப் பற்றியது. பைகாராக் குழாய்களைப் பதித்த காலத்தில் மலையில் வேலை செய்தவர் அவர். தம் தகப்பனார் சொல்லக் கேட்டதையெல்லாம் எழுத்தர் எழுதி வைத்திருந்தார். சரிவில் சுமை இறக்கிய விதம், குளிரில் இரவுகள், காய்ச்சலில் இறந்தவர்கள். கோப்பின் நடுவே, உடன் வேலை செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக, ஊரோடு. அத்தனை பேரின் பெயர்களும் வேறெந்த ஏட்டிலாவது இருக்குமா என்பது நமக்கு ஐயமே.

ஒட்டியவுடன் செய்யவேண்டியது சேமிப்பது. இங்கே ஒரு பள்ளம் உண்டு. பழைய நோட்பேடில் சேமிக்கும்போது 'ஆன்ஸி' என்றே விட்டுவிட்டால் தமிழெழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். பாமினிக் குப்பையையாவது மீட்கலாம். கேள்விக்குறிகளை எந்த மாற்றியாலும் மீட்க இயலாது, ஏனெனில் அங்கே மீட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமிக்கவேண்டும். 2019 முதல் விண்டோஸ் 10இன் நோட்பேடு அதையே இயல்பாகக் கொள்கிறது. பழைய கணிப்பொறிகளில் கவனம் தேவை. மூலக் கோப்பை ஒருபோதும் மேலெழுதக்கூடாது. வேறு பெயரில் சேமிக்கவேண்டும். அன்று பிற்பகல் காற்றில் எங்கோ மரம் விழுந்து மின்சாரம் நின்றபோது, மடிக்கணினியின் மின்கலமும் செத்தே இருந்தபடியால், திரை பட்டென்று இருண்டது. சேமித்து இரண்டு நிமிடந்தான் ஆகியிருந்தது. கண்ட்ரோல்-எஸ் என்ற அந்தப் 'பொறு' விசையின் மேல் அன்றிலிருந்து நமக்குப் பக்தியே வந்துவிட்டது.

மாறிய உரையில் பிழைகள் இல்லாமலில்லை. தட்டச்சுப் பொறியில் ரகரமும் காலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று. தாளில் பதிந்தால் வேறுபாடு தெரியாது என்பதால், எந்த விசை கைக்கு எட்டுகிறதோ அதைத் தட்டிவிடுவது தட்டச்சர்களில் பலருக்கு வழக்கம். நண்பரின் தந்தையாரும் விலக்கல்லர். மாற்றி அவற்றை மனிதக் கண்ணோடு பார்க்காதல்லவா? ராமன்கள் எல்லாம் இரண்டு கால்களும் ஒரு மன்னுமாக வந்து நின்றார்கள். ரகரம் வேண்டிய இடத்தில் கால், கால் வேண்டிய இடத்தில் ரகரம். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து படித்துத் திருத்தினோம். ஒரு பெயர் 'காரி'யா 'கரரி'யா என்று தடுமாறும்போது, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் நண்பர் ஓடிப்போய்க் கேட்டுவந்தார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழையை இலக்கிய அன்பர்கள் அவசியம் அறிந்திருக்கவேண்டும். கண்ட்ரோல்-எஃப் அழுத்தி 'மௌனி' என்று தேடுகிறீர்கள். கட்டுரையில் மௌனியின் பெயர் பத்து இடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது; கணிப்பொறியோ இல்லை என்கிறது. காரணம், அங்கே தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'மெளனி' ஆக்கியிருப்பார். ஔவையாருக்கும் இதே கதி. ஒ, ள என்று இரண்டு எழுத்தாக 'ஒளவை' என்றே பாதித் தமிழுலகம் அடித்துவைத்திருக்கிறது. 'ஸ்ரீ'க்கும் இரண்டு குறியீட்டு வழிகள் உண்டு: சகர வரிசைக் கிரந்த எழுத்தான ஶ 2005இல் ஒருங்குறியில் சேர்ந்தபின், ஶகரத்தை வைத்து ஒன்று, ஸகரத்தை வைத்து ஒன்று. திரையில் இரண்டும் ஒரே முகம். ஆய்வுக்காகத் தேடுகிறவர் இரண்டு வடிவங்களையும் தனித்தனியே தேடிப் பார்க்கவேண்டும். ஐயம் வந்தால் வேர்டில் அந்த எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்து ஆல்ட்-எக்ஸ் அழுத்தினால் எழுத்து மறைந்து அதன் குறியெண் தோன்றும். மீண்டும் அழுத்தினால் எழுத்து திரும்பும்.

இதைக் கண்ட்ரோல்-எச் கொண்டு ஒரே வீச்சில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். எச்சரிக்கை! ஒள என்பதை ஔ ஆக்கு, எல்லாவற்றையும் மாற்று என்று கட்டளையிட்டால், பல மென்பொருள்கள் 'ஒளி'யில் உள்ள ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். கவிதைத் தொகுப்பு ஒன்றில் இதைச் செய்தால் ஒளி இல்லாத கவிதைகளே மிஞ்சும். 'ஒளவை' என்று முழுச்சொல்லாகக் கொடுத்து மாற்றவேண்டும். தவறிவிட்டால் உடனே கண்ட்ரோல்-இசட். கோப்பை மூடிய பிறகு அதுவும் கைகொடுக்காது.

வேறு சிலவற்றையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம். இணையத்திலிருந்து எடுத்த பத்தியை ஒட்டும்போது அதன் நிறமும் எழுத்தளவும் சேர்ந்து வந்து தொல்லை தந்தால், உலாவிகள் பலவற்றில் கண்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்த, உரை மட்டும் வரும். விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ்-வி அழுத்தினால் முன்பு நகலெடுத்தவை பட்டியலாக வரும். முதன்முறை அதை இயக்க ஒப்புதல் கேட்கும். மேற்கோள்களைத் திரட்டுகிறவர்க்கு இது பெரிய உபகாரம். கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1981இல் வந்த ஐபிஎம் கணிப்பொறிக்காக அதை அமைத்தவர் டேவிட் பிராட்லி என்ற பொறியாளர், தவறியும் ஒரே கையால் அழுத்திவிட முடியாதபடி விசைகளைத் தூரதூரமாகத் தேர்ந்தார் என்பதைத் தவிர.

மூன்றாம் நாள் மாலைக்குள் பெயர்ப் பட்டியலைத் திருத்தி முடித்து, ஒரு படியை நண்பரின் கணிப்பொறியிலும் ஒரு படியை அவர் தங்கையின் மின்னஞ்சலிலும் வைத்தோம். அச்செடுத்த படியை நண்பரின் தாயார் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து படித்தார். இன்னும் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் ஜே கே பி ஓவும் இல்லை, முக்காலும் சென்டும் இல்லை. நமக்குத் தெரிந்த மாற்றிகள் எதற்கும் அது வசப்படவில்லை. எந்த எழுத்துருவில் அடித்தாரோ, அதன் பெயரைத் தந்தையார் எங்காவது தாளில் எழுதி வைத்திருக்கக்கூடும் என்று நண்பர் அவருடைய பழைய நாட்குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். கோப்பை அழிக்கவில்லை.